கோலிக்குண்டளவு கிரீஸ்

நெட்ரா ஆஸ்ப்ரூக் கைகுலுக்கக் கையை நீட்டினால் எங்கள் ஊரில் பாதிப் பேர் தங்கள் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார்கள். அவளுக்குத் தொற்றுநோய் ஒன்றும் கிடையாது. பந்தயக் கார்களின் புகைக்குழாய்க்கு நாடா சுற்றுகிறவள் அவள், அவ்வளவுதான். அந்த நாடா கண்ணாடி நாரால் நெய்தது. அதிலிருந்து உதிரும் தூள் தோலுக்குள் ஏறிவிட்டால் இரண்டு நாளைக்கு மனுஷன் மனுஷனாக இருக்க முடியாது. முப்பது வருஷமாக நெட்ராவின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் சிவந்துதான் கிடந்தன. அதனால் அவளுக்கு ஊரில் வைத்த பெயர் சொறிக்கை. வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன் டென்சில் யோக்கம்.

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், சோளக்கொல்லைகளுக்கு நடுவே, ஹாப்கின்ஸ் பெண்ட் என்கிற எங்கள் ஊரில் இருப்பது ஒரு தேவாலயம், ஒரு தானியக் களஞ்சியம், ஒரு மண் பந்தயத் தடம். தேவாலயத்துக்குப் போகாதவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். சனிக்கிழமை தடத்துக்கு வராதவனைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். டென்சில் அந்தத் தடத்தில் ராஜா. அப்பா சாகும்போது பட்டறையை மகனுக்கு எழுதிவைத்தார். மகளுக்கு எழுதிவைக்க எதுவும் மிஞ்சவில்லை. ஆஸ்ப்ரூக் என்பது ஓடிப்போன புருஷன் விட்டுப்போன பெயர். அவன் விட்டுப்போனதும் அது ஒன்றுதான். ஆக நெட்ரா அண்ணன் பட்டறையின் பின்பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் வாளியையும் ஒரு முக்காலியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேலையைச் சொன்னால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். நாடாவை வாளித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறினால்தான் தூள் அடங்கும், இழுத்த இழுப்புக்கும் வரும். குழாயைச் சுற்றிக்கொண்டே போகும்போது ஒரு சுற்றின் விளிம்பில் அடுத்த சுற்று ஏறி உட்கார வேண்டும். இடையில் ஒரு தளர்வு இருந்தால் போதும், மூன்றாம் பந்தயத்தில் நாடா அவிழ்ந்து தொங்கும். முனையில் எஃகுப் பட்டையைப் போட்டு இறுக்கிவிட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். புது நாடா முதல் சூட்டில் வெள்ளையாகப் புகையும், முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பார்த்துப் பழகாதவன் கார் பற்றிக்கொண்டது என்று ஓடுவான். அந்தப் புகை தானாக அடங்கியபிறகு குழாயின் சூடு குழாய்க்குள்ளேயே இருக்கும், ஓட்டுகிறவன் கால் வேகாமல் தப்பிக்கும். நெட்ரா சுற்றிய குழாயைத் தடத்தில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் பாராட்டின மாதிரி ஆகிவிடுமே!

அவளுக்கு ஓட்ட ஆசை. சின்ன வயசிலிருந்தே ஆசை. அப்பா இருந்தவரை பெண்பிள்ளைக்கு எதற்கு என்றார். அண்ணன் வந்தபிறகு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. அவளும் விடவில்லை. பட்டறையின் மூலையில் டென்சில் உதிரிபாகத்துக்காகப் போட்டுவைத்திருந்த இரண்டாவது கார் ஒன்று, கதவில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. குளிர்காலத்தில் பட்டறையில் ஈ ஓட்டுகிற நாட்களில் அவள் அதை ஒவ்வொரு போல்ட்டாகச் சேர்த்தாள். அடுத்தவர்கள் கழித்துப்போட்ட கியர்பெட்டி, எவனோ தூக்கி எறிந்த ரேடியேட்டர். குழாய்க்கு மட்டும் புது நாடா. அதைச் சுற்றி முடித்த அன்றைக்கு வெகுநேரம் அந்தக் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டென்சில் பார்த்துவிட்டு, "உக்காந்து பாரு, உக்காந்து பாரு. உக்காரதுக்குக் காசா பணமா" என்று சொல்லிக்கொண்டே போனான்.

எங்கள் தடத்தில் பெண்கள் ஓட்டுவதற்கென்று வருஷத்துக்கு ஒரே ஒரு பந்தயம் உண்டு. செப்டம்பர் முதல் வார விடுமுறையில், ஞாயிறு மத்தியானம். பவுடர்பஞ்சுப் பந்தயம் என்று அதற்குப் பெயர். பெண்டாட்டிகளும் காதலிகளும் முகத்துக்குப் பவுடர் ஒற்றுகிற கையால் ஸ்டியரிங் பிடிக்கிறார்களாம், அதுதான் நகைச்சுவை. அன்றைக்கு ஆண்கள் தங்கள் காரை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வேலியோரம் பீரும் பொரித்த பொலோனி இறைச்சி சாண்ட்விச்சுமாக நின்று சிரிப்பார்கள். டென்சில் தன் காரை எப்போதும் பெண்டாட்டி டான்யாவுக்குத்தான் கொடுப்பான். நெட்ராவுக்குக் காரும் இல்லை, கார் வைத்திருக்கிற புருஷனும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிறுக்கு அவள் வேறு ஒரு விதத்தில் தேவைப்பட்டாள். அதை இங்கே சொல்லாமல் மறைத்தால் நான் நெட்ராவை நல்லவளாக்கிக் காட்டுகிறேன் என்று அர்த்தம். அப்படி ஒன்றும் அவள் நல்லவள் இல்லை.

ஒரு வருஷம், பந்தயம் சப்பென்று போகிறது, ஏதாவது வேடிக்கை காட்டு என்று டென்சில் கேட்டான். நெட்ரா ஒரு கார் குழாயின் வால்பக்கத்தில், நாடாவின்மேல், கோலிக்குண்டளவு கிரீஸை வைத்து அமுக்கிவிட்டாள். நாடாவுக்கு எண்ணெய்ப்பசை ஆகவே ஆகாது. உறிஞ்சி வைத்துக்கொண்டு, சூடேறியதும் புகையாய்க் கக்கும். மூன்றாவது சுற்றில் கார் முழுக்கப் புகை மண்டிவிட்டது. உள்ளே இருந்தவள் டான்யா, கல்யாணமாகி வந்த முதல் வருஷம். வீறிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்தாள். களிமண்ணில் முகம் குப்புற விழுந்து முன்பல் உடைந்தது. கால்சட்டை நனைந்திருந்தது. மைக்கில் பேசுகிறவன் அதையும் விடாமல் ஊருக்கே சொன்னான். அன்றைக்கு எங்கள் ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருத்தியின் காரில் கிரீஸ். யார் கார் என்று நெட்ராவுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் கிரீஸ் டப்பாவும் கையுமாகக் கார்களுக்கு நடுவே நடந்துவிட்டு வருவாள். ஆண்கள் வேலியோரத்திலிருந்து அவள் முகத்தையே பார்ப்பார்கள். அவள் கட்டைவிரலை உயர்த்தினால் ஒரே ஆரவாரம். அந்த ஒரு நாள் அவளுக்குப் பீர் வாங்கிக் கொடுப்பார்கள். அந்த ஒரு நாள் அவளை யாரும் சொறிக்கை என்று கூப்பிட மாட்டார்கள், வாய் நிறைய நெட்ரா என்பார்கள். அதற்காகத்தான் செய்தாள். எத்தனை பெண்கள் அலறிக்கொண்டு குதித்தார்கள் என்று அவள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

டான்யா பொய்ப்பல் கட்டிக்கொண்டாள். அவள் பேசும்போது சில எழுத்துகளுக்கு மெல்லிய விசில் ஒன்று வரும். அந்த நாளைப் பற்றி அவள் நெட்ராவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நெட்ராவுக்கு நாற்பத்தாறு வயதான வருஷம், ஆகஸ்டு மாதக் கடைசியில், பட்டறைக்குள் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது டான்யா வந்து நின்றாள். இந்த வருஷம் தனக்குத் தோள் வலி, ஓட்ட முடியாது, நெட்ரா ஓட்டட்டும் என்றாள். பட்டறையே சிரித்தது. ஸ்டியரிங்கைப் பிடிப்பாளா, சொறிந்துகொள்வாளா என்று ஒருவன் கேட்டான். நெட்ராவுக்குச் சிரிப்பு காதில் விழவில்லை. எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! டான்யாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். டான்யா நாசூக்காக விலகிக்கொண்டாள், தூள் ஒட்டிவிடும் என்று.

நெட்ரா புத்திசாலி. அத்தனை பேரும் இருக்கும்போதே அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். "நான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சா என்ன? கோப்பை குடுப்பாங்க. அதுல தண்ணி ஊத்தி நாடா ஊறவை."

"நான் ஜெயிச்சா அந்த ரெண்டாவது காரு எனக்கு. சனிக்கிழமை ஆம்பளைங்களோட ஓட்டுவேன். எல்லாரும் இருக்காங்க, சொல்லு."

டென்சில் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் தங்கைக்குப் பயப்படுகிறான் என்று ஆகிவிடும். "எடுத்துக்கோ" என்றான். "ஜெயிச்சிட்டா எடுத்துக்கோ. நம்ம ஊருல பன்னி பறக்கற அன்னிக்கி." எங்கள் பக்கத்தில் பட்டறையில் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை மீறினவனுக்கு அப்புறம் யாரும் ஸ்பானர்கூட இரவல் தர மாட்டார்கள். நெட்ராவுக்கு அது தெரியும், டென்சிலுக்கும் தெரியும்.

அந்த வாரம் அவள் டென்சிலின் காருக்குப் பழைய நாடாவைப் பிய்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். முதல் புகையை முந்தின நாளே ஓட்டி அடக்கிவிட்டாள். தீத்தாங்கும் உடுப்பு டென்சிலுடையது, மூன்று நெட்ரா நுழையலாம். அவன் பூட்ஸுக்குள் அவள் கால் சோளப்பொரி மாதிரி குலுங்கியது. சரிதான் போ என்று தன்னுடைய ரப்பர் அடி கேன்வாஸ் காலணியையே போட்டுக்கொண்டாள். அந்த வருஷம் யார் காரில் கிரீஸ் என்று ஆண்கள் கேட்டபோது, நான் ஓட்டப்போகிறவள், இந்த வருஷம் வேடிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டாள். அவர்கள் முகம் தொங்கிப்போயிற்று.

ஞாயிறு மத்தியானம் வெயில் கொளுத்தியது. தடத்துக்குத் தண்ணீர் தெளித்த மண் வாசனை எழுந்தது. பதினைந்து சுற்றுப் பந்தயம். நெட்ரா பின்வரிசையில் புறப்பட்டாள். அப்புறம் அவள் ஓட்டினாள் பாருங்கள், வேலியோரம் நின்றவர்கள் சாண்ட்விச்சைக் கடித்த வாயை மூட மறந்துவிட்டார்கள். வளைவில் மற்ற பெண்கள் பிரேக்கைத் தேடும்போது இவள் காரைப் பக்கவாட்டில் சரியவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே வந்தாள். முப்பது வருஷமாக வேலியிலிருந்து பார்த்ததெல்லாம் அவள் கால் நுனியில் இருந்தது. எட்டாவது சுற்றில் முதலிடத்துக்கு வந்துவிட்டாள்.

ஒன்பதாவது சுற்றில் புகை வந்தது.

நெட்ராவுக்கு உடனே புரிந்துவிட்டது. கிரீஸ் வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, அந்தப் பைத்தியத்துக்கு. தன்னையும் ஒரு ஆளாக மதித்துத்தானே வைத்திருக்கிறார்கள்! எவன் வைத்தானோ, இப்போது கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்பான். குதிப்பேன் என்று பார்க்கிறார்கள், குதிக்கிற ஆள் நான் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கிரீஸ் புகை எவ்வளவு நேரம் வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். இரண்டு சுற்றுக்குமேல் வராது.

இரண்டு சுற்று தாண்டியும் புகை அடங்கவில்லை. வெள்ளையாக வந்தது கறுப்பாகிவிட்டது. நாற்றமும் மாறியது. இது கிரீஸ் இல்லை, ஆயில். வால்பக்கத்திலிருந்தும் வரவில்லை, இன்ஜின் பக்கத்திலிருந்து வந்தது. காலடித் தகட்டில் கம்பிகள் போகிற ஓட்டை வழியாக ஆரஞ்சு நிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நெட்ரா பார்த்தாள். அடுத்த வளைவில் அது மறுபடி வந்தது, இந்தத் தடவை போகவில்லை.

இன்னும் மூன்று சுற்று இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் உயிருக்குப் பழுதில்லை. ஆனால் அந்த மூலையில் கிடக்கிற கார் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்றைக்கு நிறுத்தினால் டென்சிலின் வாயிலிருந்து இன்னொரு தடவை அந்தச் சொல் வராது. மூன்று சுற்றுதானே என்று நினைத்தாள்.

கொடி காட்டுகிறவன் சிவப்புக் கொடியை எடுக்கவேயில்லை. எதற்கு எடுக்கப்போகிறான்? வருஷா வருஷம் பார்க்கிற புகைதானே. "நம்ம நெட்ரா இன்னிக்கி கறி சுடறா போலிருக்கு. தட்டு இருக்கறவங்க எடுத்துக்கிட்டு வாங்க" என்றான் மைக்கில் பேசுகிற புண்ணியவான். இத்தனை வருஷம் வேடிக்கை காட்டினவளே மாட்டிக்கொண்டாள் என்று மரப்பலகை இருக்கைகள் முழுக்க எழுந்து நின்று கைதட்டின. குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினவர்களும் இருந்தார்கள்.

நெட்ரா முதலாவதாகக் கோட்டைத் தாண்டினாள். தாண்டியபிறகு காலைத் தூக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. காலணியின் ரப்பர் உருகி ஆக்சிலேட்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கார் அதே வேகத்தில் வளைவைத் தாண்டி உள்வட்டத்துப் புல்லில் ஏறி மண்மேட்டில் முட்டி நின்றது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. தீயணைக்கும் உருளையோடு முதலில் ஓடி வந்தவன் டென்சில். வந்தவன் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குத்தான் முதலில் அடித்தான். புது இன்ஜின். அவளை வெளியே இழுத்தவன் பின்னால் ஓடி வந்த வேறு எவனோ.

பெரிய நகரத்து மருத்துவமனையில் வலதுகாலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தீப்பட்ட தோல் ஆறும்போது எப்படி அரிக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடித்தூள் அரிப்பெல்லாம் அதற்கு முன்னால் தூசு. கட்டுக்கு மேலே சொறிய முடியாது. போதாக்குறைக்கு, இல்லாத கால்விரல் வேறு அரித்தது.

அவள் அங்கே கிடந்த நாட்களில் ஊரில் ஒரு கதை நடமாட ஆரம்பித்தது. அவள் சுற்றிய நாடாதான் எரிந்தது, தான் ஓட்டப்போகிற காருக்கே ஒழுங்காகச் சுற்றத் தெரியாதவள் என்று. டென்சில் அதை மறுக்கவில்லை. அவன்தான் கிளப்பினான் என்றும் சொல்வார்கள்.

டான்யா ஒரு நாள் பார்க்க வந்தாள். சாமந்திப்பூ வாங்கி வந்திருந்தாள். அதை வைக்க இடம் தேடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள் நன்றாகத்தான் அசைந்தது. நெட்ரா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு ஊத்தினே?" என்று கேட்டாள்.

டான்யா மறைக்கவில்லை. "ஒரு டம்ளர் இருக்கும். டப்பால வடிச்சு வெச்சிருந்த பழைய ஆயில்."

"கிரீஸ்தான் வெக்கணும். கோலிக்குண்டு அளவு. அதுவும் வால்பக்கம். இன்ஜின் பக்கம் ஆயில் ஊத்தினா திரி மாதிரி பிடிச்சுக்கும்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ யாருக்காவது சொல்லிக் குடுத்தியா?"

டான்யா பூவின் காகிதத்தைச் சுருட்டிக் கசக்கினாள். "நீ குதிச்சிருவேன்னுதான் நெனச்சேன். நான் குதிச்சேன். எல்லாரும் குதிச்சாங்க. உன்னை யாரு குதிக்க வேண்டாம்னது?" சொல்லும்போது அந்தப் பல்லிலிருந்து விசில் வந்தது. பிறகு எழுந்து போய்விட்டாள்.

நெட்ரா அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் காதைக் குடைந்துகொண்டே கேட்டான். அவள் விளையாட்டுக்குச் செய்தாள், நீ செய்யாததா என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கும் போகவில்லை. போலீஸ்காரனும் அந்த மத்தியானம் வேலியோரம் நின்று கைதட்டினவன்தானே.

கட்டையூன்றிக்கொண்டு அவள் பட்டறைக்குத் திரும்பி வந்த அன்றைக்கு நல்ல கூட்டம். டென்சில் இரண்டாவது காரை மூலையிலிருந்து இழுத்து நடுவில் நிறுத்தியிருந்தான். சாவி மாதிரி ஒரு ஸ்பானரை அவள் கையில் வைத்தான். "நான் சொன்ன சொல் மாறாதவன். காரு உன்னுது. ஊரே சாட்சி." பிறகு அவள் கால்சட்டையின் மடித்துக் குத்திய நுனியைப் பார்த்தான். "ஆமா, எந்தக் காலால மிதிப்பே?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் சிரிக்கக்கூடாது என்று முயற்சி செய்து, முடியாமல் சிரித்தார்கள். நெட்ரா ஸ்பானரை முக்காலியின்மேல் வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கச் சொன்னாள். அந்த வாரமே பழையபடி நாடா சுற்ற உட்கார்ந்துவிட்டாள். வேறு எங்கே போவாள்? சுற்றத் தெரியாதவள் என்று சொன்ன வாய்களெல்லாம் குழாயைக் கொண்டுவந்து அவள் முன்னால்தான் போட்டன.

மறு வருஷம் ஆகஸ்டில் டென்சிலின் கார் இன்ஜின் போய்க் கிடந்தது. பவுடர்பஞ்சுப் பந்தயத்துக்கு நெட்ராவின் காரை டான்யா எடுத்துக்கொள்ளலாமா என்று அவன் கேட்டான், ரொம்ப மரியாதையாக, நாலு பேர் முன்னால். கார் அவளுடையதாயிற்றே! மாட்டேன் என்பாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நெட்ரா சரி என்றாள். அந்த வாரம் முழுக்கத் தன் காரின் குழாய்க்குப் புது நாடா சுற்றினாள். அவள் கையில் இதுவரை அப்படி ஒரு சுற்று யாரும் பார்த்ததில்லை என்பார்கள். முந்தின நாள் ஓடவிட்டு முதல் புகையையும் அடக்கினாள்.

பந்தயத்தன்று மத்தியானம் அவள் கட்டையூன்றிக்கொண்டு, வேலியை ஒட்டி நின்ற காரின் பக்கத்தில் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கிரீஸ் டப்பா. வேலியோரம் ஆண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். டான்யா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காருக்குள் ஏறி வாரைப் பூட்டுகிறவரைக்கும் நெட்ரா காத்திருந்தாள். பிறகு ஜன்னலோரம் குனிந்தாள்.

"டான்யா, இந்த வருஷம் எவ்வளவுன்னு நீ கேக்கவே இல்லையே."

டான்யாவின் கை வாரின் பூட்டுக்குப் போனது. இறங்கியிருக்கலாம் அவள். இறங்கினால் ஏன் என்று கேட்பார்கள். புகைக்குப் பயம் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு டம்ளர் ஊற்றினவள் எப்படிச் சொல்வாள்? பச்சைக்கொடி விழுந்தது. கார் கிளம்பியது.

முதல் சுற்றிலிருந்தே அவள் தடத்தைப் பார்க்கவில்லை. பானெட்டின் இடுக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். ஆண்கள் புகை வரும், இதோ வரும் என்று பார்த்தார்கள், வரவில்லை. நெட்ராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கட்டைவிரலை உயர்த்தவில்லை. டப்பாவின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலே இல்லாத இடத்தில் விரல்கள் அரித்துக்கொண்டிருந்தன.

ஆறாவது சுற்றில் முன்னால் போன ஒரு கார் மண்ணைக் கிளப்பியது. காய்ந்த களிமண் தூசி டான்யாவின் கண்ணாடி இல்லாத முன்பக்கம் வழியாக உள்ளே வந்தது. வெறும் தூசி. டான்யா அலறியது வேலி வரைக்கும் கேட்டது. நேர்த்தடத்தின் நடுவிலேயே வேகத்தை விட்டு, வாரைப் பிய்த்துக்கொண்டு, ஜன்னல் வலையைக் கிழித்துக்கொண்டு குதித்தாள். விழுந்து உருண்டு உள்வட்டத்துப் புல்லில் போய்க் கிடந்தாள். கையை ஊன்றி எழப் பார்த்தாள், அந்தக் கை மடங்கிக்கொண்டது. மைக்கில் பேசுகிறவனுக்கே முதலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. அப்புறம் இருக்கைகளில் ஒருவன் சிரித்தான். ஊர் முழுக்கச் சிரித்தது.

ஆளில்லாத கார் தடத்தின் நடுவில் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. பின்னால் வந்த பெண்ணுக்கு விலக இடம் இல்லை. முழு வேகத்தில் வந்து இடித்துக் கான்கிரீட் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டாள். அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. நெட்ராவின் காரில் முன்பக்கம் என்று ஒன்று மிஞ்சவில்லை. எவனோ தூக்கி எறிந்த அந்த ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் கொட்டியது.

டென்சில் முதலில் காருக்குத்தான் போனான். கிழிந்து கிடந்த பானெட்டுக்குள் கையை விட்டுக் குழாயின்மேல் நாடாவை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தான். விரலை முகர்ந்தான். அப்புறம் வேலியைப் பார்த்து நடந்து வந்தான். நெட்ராவின் மடியிலிருந்த டப்பாவைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். மூடியின் முத்திரைக் காகிதம் கடையில் வாங்கினபடியே இருந்தது.

"ஒண்ணுமே வெக்கலியே. அப்புறம் அவ எதுக்குக் குதிச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நெட்ரா.

அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு டப்பாவை எறிந்தான். புல்லில் டான்யாவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நெட்ரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவரோரத்தில், நசுங்கின தகரத்துக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுவை வண்டி வந்து அந்தக் காரைக் கொக்கியில் மாட்டித் தூக்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு இடியிலும் நாடா ஒரு சுற்றுக்கூட அவிழவில்லை.